தமிழ் தெரியாத மிஸ்

பாலர் வகுப்புப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேரும் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். ஸ்பானிஷ் மிஸ் நல்லவள்தான், ஆனால் பாவம், ஒன்றுமே தெரியாது. தண்ணீர் என்றால் தெரியாது. கதவு என்றால் தெரியாது. "மிஸ், இவன் என்னைக் கிள்ளிட்டான்" என்று சட்டைக் கையைச் சுருட்டி, சிவந்த இடத்தை மூக்குக்கு நேரே நீட்டினால்கூட, புருவத்தைத் தூக்கி, உள்ளங்கையை இப்படியும் அப்படியும் ஆட்டி, "நோ என்தியெந்தோ" என்பாள். எனக்குப் புரியவில்லை என்று அர்த்தம். நான்கு மாதத்தில் அந்த வகுப்பு ஸ்பானிஷில் முதலில் மனப்பாடம் செய்தது அதைத்தான்.

மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியாது என்பது சுத்தப் பொய். அவள் தமிழில் பிறந்து, தமிழில் அடி வாங்கி, தமிழில் கல்யாணம் பண்ணி, தமிழில் மாமியாரோடு சண்டை போட்டவள். ஆறு வருஷம் மாலை வகுப்புக்கு அலைந்து ஸ்பானிஷ் படித்தாள். இந்தப் பள்ளியில் நேர்முகத்துக்கு வந்தபோது, பிரின்சிபால் அம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "நாலு வயசுப் பிள்ளைங்களுக்குத் தாய்மொழியே இன்னும் முழுசா வரல. இதை எப்படிச் சொல்லிக் குடுப்பீங்க?" என்று கேட்டாள். இவளும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "முதல் நாள்லேருந்து எனக்குத் தமிழ் தெரியாத மாதிரியே இருப்பேன் மேடம். ஒரு வார்த்தைகூடப் பேச மாட்டேன். வேற வழியில்லன்னா பிள்ளைங்க தானா பேசும்" என்று அடித்துவிட்டாள். வேலை கிடைத்துவிட்டது. கூடவே இந்த வேஷமும் வந்து ஒட்டிக்கொண்டது.

ஆரம்பத்தில் அது வேடிக்கையாகத்தான் இருந்தது. பிள்ளைகள் அவள் எதிரிலேயே அவளைப் பற்றிப் பேசும். மிஸ் குண்டா ஒல்லியா என்று ஒரு நாள் முழுக்க விவாதம் நடந்து, 'நடுவுல மட்டும் குண்டு' என்று தீர்ப்பு வந்தது. சிரிப்பை அடக்க அவள் பலகைப் பக்கம் திரும்பி நிற்க வேண்டியிருந்தது. வகுப்பில் ஒரு பெண் குழந்தை இருந்தாள். இடுப்பில் கை வைத்துத்தான் யாரிடமும் பேசுவாள். ஆசிரியைகள் அவளுக்குப் பெரியமனுஷி என்று பெயர் வைத்திருந்தார்கள். மிஸ்ஸின் நிலைமையைப் பார்த்து மனசு தாங்காமல், அவளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பைப் பெரியமனுஷி எடுத்துக்கொண்டாள். தினமும் இடைவேளையில் மிஸ்ஸின் விரலைப் பிடித்துக் கதவுக்குக் கூட்டிப் போய், "க, த, வு. சொல்லுங்க" என்பாள்.

"கதாவூ" என்பாள் மிஸ்.

"ம்ஹும். தப்பு. நாளைக்கு வாங்க."

ஆக, அவளுக்கு அங்கே ஓர் ஆசிரியை இருந்தாள். பிள்ளைகளுக்கு வயிறு வலித்தாலும், மூக்கு ஒழுகினாலும், ஒன்றுக்கு வந்தாலும் கவனிக்க ஆயாம்மா ஒருத்தி வகுப்பின் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். ஆயாம்மாவுக்குத் தமிழ் தெரியும். அந்த ஒரு நாற்காலியை நம்பித்தான் முழு ஏற்பாடும் ஓடியது. அதைப் பற்றி அப்போது யாரும் யோசிக்கவில்லை.

மூன்றாவது மாதம் சிக்கல் வந்தது. அவளுடைய மகள் போய்க்கொண்டிருந்த விளையாட்டுப் பள்ளியின் சுவரில் விரிசல் கண்டது என்று ஒரே வாரத்தில் பூட்டிவிட்டார்கள். நாலரை வயசு. வீட்டில் மொட்டு என்று கூப்பிடுவார்கள். வேறு எங்கும் பாதியில் சேர்க்க மாட்டேன் என்றார்கள். அம்மா வேலை செய்யும் பள்ளியில் இடம் இருந்தது; ஆனால் அந்த வயசுக்கு இருந்தது ஒரே வகுப்பு.

"சேர்த்துக்கலாம், அதுல ஒண்ணுமில்ல" என்றாள் பிரின்சிபால். "ஆனா உங்க பொண்ணு உங்களை அம்மான்னு ஒரு வாட்டி கூப்பிட்டா, அன்னிக்கோட உங்க முறை போச்சு. அப்புறம் எல்லாரும் உங்ககிட்டத் தமிழ்லதான் பேசும். யோசிச்சுக்குங்க."

யோசிக்க என்ன இருந்தது. அன்று சாயங்காலம் சமையலறைத் தரையில் மகளை எதிரே உட்கார வைத்தாள்.

"அங்க நான் அம்மா இல்ல. மிஸ். எனக்குத் தமிழ் தெரியாது."

"அப்போ எனக்கு உன்னைத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்பாவைத் தெரியுமா?"

"அப்பா அங்க வர மாட்டார்."

"வந்தா?"

"வந்தா பாத்துக்கலாம்."

மொட்டு கொஞ்ச நேரம் காலை ஆட்டிக்கொண்டே யோசித்தாள். "இது பொய்யாம்மா?"

"பொய் இல்ல. விளையாட்டு."

"யாரு ஜெயிப்பாங்க?"

"யாரு கடைசி வரைக்கும் சொல்லாம இருக்காங்களோ, அவங்க."

லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையிலிருந்து அலுத்துப்போய் வந்த அவள் கணவன் கதவருகே நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். "இது என்ன கூத்து? பெத்த பிள்ளைகிட்ட பாஷை தெரியாதுன்னு நடிக்கிற அம்மாவை நான் எங்கயும் பாத்ததில்ல" என்றான்.

"வருஷக் கடைசி வரைக்கும்தாங்க. அதுக்குள்ள வேலை நிரந்தரமாயிடும்."

"என்னமோ பண்ணு" என்று துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டான்.

விளையாட்டு நன்றாகவே நடந்தது. நடக்க வேண்டிய அளவுக்கு மேலேயே நன்றாக நடந்தது என்பதுதான் விஷயம். காலையில் இரண்டு பேரும் கைகோத்துத்தான் வீட்டிலிருந்து கிளம்புவார்கள். பள்ளித் தெருவின் முனையில் ஜெராக்ஸ் கடை ஒன்று உண்டு. அங்கே ஆயாம்மா காத்திருந்து மொட்டுவை வாங்கிக்கொள்வாள். இவள் பின்வாசல் வழியாகப் போவாள். முதல் வாரம் மகளின் விரலைப் பிரிக்கத்தான் வேண்டியிருந்தது. இரண்டாவது வாரத்திலிருந்து, கடைக்குப் பத்தடி முன்னாலேயே மொட்டு தானாகக் கையை உருவிக்கொண்டாள். அந்தப் பத்தடி தூரம் அம்மாவின் கை வெறுமனே ஆடிக்கொண்டு வரும்.

வகுப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் சட்டையில் ஒரு மிருக வில்லை உண்டு. மிஸ் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவாள். சிங்கம், முயல், பூனை எல்லாம் போய், தாமதமாக வந்த மொட்டுவுக்கு ஆமைதான் மிஞ்சியது. ஸ்பானிஷில் தோர்த்தூகா. பெற்ற மகளை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை தோர்த்தூகா, தோர்த்தூகா என்று கூப்பிட்டாள். மகளும் ஒரு தடவைகூடத் தவறாமல், பக்கத்தில் இருக்கும் பிள்ளைகள் செய்கிற மாதிரியே தலையை நிமிர்த்திப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அம்மா என்கிற அடையாளம் துளியும் இருக்காது.

ஒரு நாள் ஊஞ்சல் பக்கம் விழுந்து மொட்டுவின் முழங்கால் சிராய்த்துவிட்டது. அழுதுகொண்டே நேராக மிஸ்ஸை நோக்கி ஓடி வந்தவள், பாதி வழியில் நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திரும்பி ஆயாம்மாவிடம் போனாள். மிஸ் கையில் வண்ண அட்டைகளை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள். என் மகள் எவ்வளவு கெட்டிக்காரி என்று பெருமையாகவும் இருந்தது, ஓடிப்போய்த் தூக்க முடியவில்லையே என்று ஆற்றாமையாகவும் இருந்தது. அன்று மீதி நேரம் முழுக்க அவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். கலர் பென்சில்களை ஒன்றுக்கு இரண்டு தடவை சீவி வைத்தாள்.

வீட்டுக்கு வந்தால் வேறொரு கதை. மொட்டு பையைக் கழற்றிய கையோடு அம்மாவிடம் மிஸ்ஸைப் பற்றிப் புகார் சொல்வாள்.

"இன்னைக்கு மிஸ் முயலை ரெண்டு வாட்டி கூப்பிட்டாங்க. என்னை ஒரு வாட்டிதான்."

"அப்படியா?"

"மிஸ்கிட்ட சொல்லு."

"சொல்றேன்."

"மறந்துடாத."

மறக்க முடியுமா? மறுநாள் தோர்த்தூகாவை மூன்று தடவை கூப்பிடுவாள். சாயங்காலம் மொட்டு திருப்தியாக, "சொல்லிட்ட போல" என்பாள். இப்படி எத்தனையோ சேதிகள். மிஸ் பாட்டை வேகமாகப் பாடுகிறார்கள், மிஸ்கிட்ட சொல்லு. எனக்கும் நட்சத்திர ஒட்டி வேணும், மிஸ்கிட்ட சொல்லு. தனக்கும் தனக்கும் நடுவில் தூது போகிற வேலை உலகத்தில் வேறு யாருக்காவது வாய்த்திருக்குமா என்று அவளுக்குச் சிரிப்பு வரும். சிரித்து முடித்ததும் உள்ளே ஏதோ குடையும். ஒரு நாள் தாங்காமல் தலை பின்னிவிட்டுக்கொண்டே கேட்டுவிட்டாள்.

"மொட்டு, அந்த மிஸ் யாருன்னு உனக்குத் தெரியும்தானே?"

மகள் திரும்பி, இவ்வளவு அசடாகவும் ஒருத்தி இருப்பாளா என்கிற மாதிரி பார்த்தாள். "நீதான்."

அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

"ஆனா அங்க நீ இல்லல்ல" என்றாள் மொட்டு. சொல்லிவிட்டு ரிப்பனை நீட்டினாள்.

அதற்கப்புறம் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சொல்லிவிடலாமா, வேண்டாமா. நாளைக்கே எல்லாப் பிள்ளைகளையும் உட்கார வைத்து, "எனக்குத் தமிழ் தெரியும்டா கண்ணுங்களா" என்று போட்டு உடைத்துவிடலாமா. பேருந்துக்கு நிற்கும்போது உடைத்துவிடலாம் என்று தோன்றும். வகுப்புக்குள் நுழைந்ததும் முயல் தானாக ஓடி வந்து, "ஓலா மிஸ், ரோஹோ" என்று சிவப்புப் பென்சில் கேட்கும். நாலு வயசு, யாரும் சொல்லாமல், தானாகக் கேட்கிறது. அதைக் கேட்டதும் மனசு மாறிவிடும். போதாக்குறைக்கு, மாதக் கடைசியில் திறந்த வகுப்பு என்று பிரின்சிபால் நாள் குறித்துவிட்டாள். பெற்றோர் வந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். பள்ளியின் நிர்வாகியும் வருவார். அடுத்த வருஷமும் ஸ்பானிஷ் இருக்குமா, இவள் இருப்பாளா என்பதை அந்த அரை மணி நேரத்தைப் பார்த்துத்தான் அவர் முடிவு செய்வாராம்.

"தமிழ் தெரியாத மிஸ் கிட்ட பிள்ளைங்க எப்படிப் பேசுதுன்னு பாக்கத்தான் அவர் வர்றாரு" என்று பிரின்சிபால் இரண்டு தடவை சொன்னாள். "ஒரு வார்த்தை வழுக்கினாலும் எனக்குத் தலைகுனிவு."

திறந்த வகுப்புக்கு முந்தின நாள் சாயங்காலம் வீட்டில் நடந்ததெல்லாம் அவளுக்கு அப்புறம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. மொட்டு சரியாகச் சாப்பிடவில்லை. தட்டை நகர்த்திவிட்டு மேசையில் ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்திருந்தாள். இவள் கூடமும் சமையலறையுமாக நடந்துகொண்டே பாட்டை முணுமுணுத்து, அட்டைகளை அடுக்கி, கலைத்து, மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தாள். நடுவில் நின்று, "நாளைக்கு ஒரு நாள் மட்டும் சமத்தா இருந்துடு செல்லம். எதுவும் கெட்டுடக் கூடாது" என்றாள்.

"நான் கெடுக்க மாட்டேம்மா" என்றாள் மொட்டு, தலையை எடுக்காமலே.

காலையில் மொட்டுவின் கழுத்து லேசாகச் சுட்டது. கணவன் விடியற்காலையிலேயே ஏதோ ஆஸ்பத்திரியில் லிஃப்ட் நின்றுவிட்டது என்று போயிருந்தான்.

"என்னம்மா பண்ணுது?"

"ஒண்ணுமில்ல."

"எங்கயாவது வலிக்குதா?"

மொட்டு அம்மாவின் கையில் இருந்த அட்டைக் கட்டைப் பார்த்தாள். "ஒண்ணுமில்லம்மா."

அந்த ஒண்ணுமில்லையை நம்ப வேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது, நம்பினாள். காய்ச்சல் மருந்தை ஒரு மூடி ஊற்றிக் கொடுத்து, அரை மணி நேரம்தானே, முடிந்ததும் விடுப்புச் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று கிளப்பினாள். ஜெராக்ஸ் கடைக்குப் பத்தடி முன்னால் மொட்டு வழக்கம்போலக் கையை உருவிக்கொண்டாள். அவள் கையின் சூடு இவள் கையிலேயே கொஞ்ச நேரம் தங்கியிருந்தது.

வகுப்பறையில் சுவரோரம் பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். அப்பாக்களும் அம்மாக்களும் முழங்கால் மோவாயில் இடிக்க அதில் உட்கார்ந்திருந்தார்கள். நிர்வாகி மட்டும் பெரிய நாற்காலியில், மடியில் ஒரு கோப்போடு. வருகிறவர்களுக்கு வழி காட்டவும் தேநீர் கொடுக்கவும் ஆள் வேண்டும் என்று பிரின்சிபால் ஆயாம்மாவை வாசலுக்கு அனுப்பிவிட்டாள். மூலையில் ஆயாம்மாவின் நாற்காலியில் யாரோ ஒருவருடைய அப்பா உட்கார்ந்து கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

மிஸ் ஆரம்பித்தாள். குரல் பிசகவில்லை. முதலில் வணக்கம், அப்புறம் எண்கள். சிங்கம் ஏழை விட்டுவிட்டு எட்டுக்குத் தாவியதைப் பெற்றோர் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அப்புறம் உடம்புப் பாட்டு. கம்பள விரிப்பில் வட்டமாக நிற்கும் பிள்ளைகள், மிஸ் சொல்லச் சொல்ல அந்தந்த இடத்தைத் தொட வேண்டும். தலை. மூக்கு. வாய். அடுத்ததை மிஸ் சொல்வதற்கு முன்னாலேயே ஆமை வில்லை போட்ட குழந்தை வலது காதைப் பொத்திக்கொண்டு, "ஓரெஹா" என்றாள்.

காது. சரியான பதில், அதுவும் கேட்பதற்கு முன்னாலேயே. பெற்றோர் கை தட்டினார்கள். நிர்வாகி கோப்பில் ஏதோ குறித்துக்கொண்டார். "மூய் பியென், தோர்த்தூகா" என்று மிஸ் மகளின் புறங்கையில் ஒரு நட்சத்திரத்தை ஒட்டினாள். சபாஷ் என்று அர்த்தம். என் தங்கமே, காப்பாத்திட்ட என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அடுத்தது நிறங்கள். முயல் வழக்கம்போலச் சிவப்பில் வெளுத்து வாங்கியது. நீலத்தை யார் சொல்வது என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது ஆமை வட்டத்திலிருந்து இரண்டடி முன்னால் வந்து, "ஓரெஹா" என்றாள்.

பெற்றோர் சிரித்தார்கள். ஒரு நட்சத்திரம் வாங்கிய ருசியில் இன்னொன்று கேட்கிறது பார் என்று ஓர் அம்மா பக்கத்து அம்மாவிடம் சொன்னது மிஸ்ஸுக்குத் தெளிவாகக் கேட்டது. அவளும் அப்படித்தான் நினைத்தாள். சிரித்துக்கொண்டே, "ஸீ, ஸீ, ஓரெஹா. மூய் பியென்" என்று இன்னொரு நட்சத்திரம் ஒட்டி, தோளைப் பிடித்துத் திருப்பி வட்டத்துக்கே அனுப்பினாள். மகள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். அரை மணியில் இன்னும் பத்து நிமிஷம்தான் பாக்கி என்று சுவர்க் கடிகாரம் சொன்னது.

மிருகங்கள் அட்டையை எடுக்க அவள் குனிந்தபோது, எதிரே இரண்டு சின்னக் காலணிகள் வந்து நின்றன. மொட்டு மிஸ்ஸின் கையைப் பிடித்தாள். அதைத் தூக்கித் தன் வலது காதின் மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். காது நெருப்பாகச் சுட்டது.

"ஓரெஹா" என்றாள். உதடு கோணியது. "ஓரெஹா, மிஸ்."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தலை, மூக்கு, வாய், காது, கை, கால் எல்லாவற்றுக்கும் பெயர் சொல்லிக் கொடுத்திருந்தாள். வலிக்கிறது என்பதை மட்டும் சொல்லிக் கொடுக்கவில்லை. அது அடுத்த வருஷத்துப் பாடம். இந்த அறைக்குள் தன்னிடம் இருந்த ஒரே வார்த்தையை எடுத்துக்கொண்டு பிள்ளை மூன்றாவது தடவையாக வந்து நிற்கிறது. இவள் முதல் இரண்டு தடவையும் நட்சத்திரம் ஒட்டி அனுப்பியிருக்கிறாள். தன்மேலேயே அவளுக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.

அட்டைகள் கையிலிருந்து சரிந்தன. கம்பளத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தாள்.

"மொட்டு, காது வலிக்குதா கண்ணம்மா? எப்பலேருந்து வலிக்குது? அம்மாகிட்ட சொல்லு."

இருபத்திரண்டு வாயும் திறந்தபடி நின்றன. முதலில் சுதாரித்தவள் பெரியமனுஷிதான். இடுப்பில் கை வைத்து, சுவரோரம் இருந்த தன் அம்மாவைத் தேடிப் பிடித்து, "பாத்தியா? நான்தான் சொல்லிக் குடுத்தேன்" என்றாள்.

அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். நிர்வாகிகூடக் கோப்பால் வாயை மறைத்துக்கொண்டார். அந்தச் சிரிப்புக்கு நடுவில் மொட்டு சுற்றுமுற்றும் பார்த்தாள். முகம் வெளுத்திருந்தது. அம்மாவின் கையைக் காதிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டாள். புருவத்தைத் தூக்கி, உள்ளங்கையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள்.

"நோ என்தியெந்தோ" என்றாள்.

அச்சு அசலாக மிஸ் செய்கிற மாதிரியே செய்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். படம் பிடித்துக்கொண்டிருந்தவர் கைபேசியைத் தாழ்த்தினார்.

அவள் மகளை வாரி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"இவ என் பொண்ணு" என்றாள் எல்லாருக்கும் கேட்கும்படி. "எனக்குத் தமிழ் தெரியும். முதல்லேருந்தே தெரியும். பிள்ளைகளா, மிஸ் உங்ககிட்ட விளையாடினேன். இனிமே யாருக்கு எங்க வலிச்சாலும் எந்த பாஷையில வேணும்னாலும் என்கிட்ட சொல்லலாம். இப்போ நான் டாக்டர்கிட்ட போகணும்."

நடைபாதையில் பிரின்சிபால் பின்னாலேயே ஓடி வந்தாள். "மிஸ், இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு. ஆயாம்மா கூட்டிட்டுப் போகட்டும். இப்போ நீங்க போயிட்டா நான் அவர்கிட்ட என்னன்னு சொல்றது?"

"எனக்குத் தமிழ் தெரியும்னு சொல்லுங்க மேடம்."

"அது எல்லாருக்கும்தான் தெரிஞ்சு போச்சே. வேலை போயிடும்மா, புரியுதா?"

"புரியுது" என்றாள். நான்கு மாதமாக அந்தக் கட்டடத்தில் அவள் தமிழில் சொல்லாத வார்த்தை அது. முன்வாசல் வழியாகவே வெளியே போனாள். தேநீர்க் கோப்பைகளோடு நின்ற ஆயாம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு, தெருவில் இறங்கி ஆட்டோ பிடித்துக் கொடுத்தாள்.

காது டாக்டர் சின்ன விளக்கை உள்ளே பாய்ச்சிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "நல்லா சீழ் கட்டியிருக்கு. நேத்து சாயங்காலமே வலிச்சிருக்குமே. பெரியவங்களே தாங்க மாட்டாங்க. ஏம்மா குட்டி, அம்மாகிட்ட சொல்லலையா நீ?"

மொட்டு அம்மாவைப் பார்த்தாள். டாக்டரைப் பார்த்தாள். வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"அவ சொன்னா டாக்டர்" என்றாள் அம்மா. "மூணு வாட்டி சொன்னா. எனக்குத்தான் புரியல."

மருந்து வாங்கும் வரிசைக்கு எதிரே ஒரு பெஞ்சு இருந்தது. வலிக்கு ஊற்றிய சொட்டு மருந்து வேலை செய்யத் தொடங்கியிருந்தது. மொட்டு பஞ்சு அடைத்த காதை மேலே வைத்து, அம்மாவின் மடியில் படுத்திருந்தாள். கைபேசியில் பிரின்சிபாலிடமிருந்து செய்தி வந்திருந்தது. நிர்வாகி ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார், நாளைக்கு வாங்க, பேசிக்கலாம். என்ன பேசப்போகிறார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. யோசிக்கவும் தோன்றவில்லை. நான்கு மாதத்தில் முதல் தடவையாக அவள் கால்கள் ஓரிடத்தில் இருந்தன.

மொட்டு மடியிலிருந்தபடியே இரண்டு பக்கமும் பார்த்தாள். பள்ளிக்கூட ஆள் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் தமிழ் பேசினாள்.

"அம்மா."

"சொல்லுடா."

"நான் சொல்லல. நீதான் எல்லார்கிட்டயும் சொன்ன."

"ஆமா. நான்தான் சொன்னேன்."

"அப்போ நான்தானே ஜெயிச்சேன்?"

"நீதான் ஜெயிச்ச."

மொட்டு புறங்கையில் இருந்த இரண்டு நட்சத்திரங்களையும் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டாள். ஒன்று ஓரத்தில் பிய்ந்திருந்தது. அதை அழுத்தி ஒட்டினாள். கண் சொருகிக்கொண்டு வந்தது.

"மிஸ்கிட்ட சொல்லிடு" என்றாள்.